ஏழுக்குப் பக்கத்தில் ஆச்சரியக்குறி

புஷ்பராஜ் சாரின் பாடத்தில்
பதினோராவது நிமிடம் குக்கர் கூவும்.
"ஒரு நிமிஷம்" என்று எழுந்து போவார்.
காலி நாற்காலி. பின்னால் காலண்டர், அதில் பிப்ரவரி.
போன வருடத்துப் பதிவு; யாரும் வெட்டி எடுக்கவில்லை.
திரும்பி வந்து, கைலியில் கையைத் துடைத்துக்கொண்டு சொல்வார்:
வெற்றுக் கணம் எல்லாக் கணத்துக்கும் உட்கணம்.
கணம் என்றால் நொடி என்றுதான்
அதுவரை நினைத்திருந்தேன்.
அந்த நாற்காலியை மட்டும்
மூன்று தடவை ஓட்டிப் பார்த்தேன்.

சமுதாயக் கல்லூரி, ஆன்லைன் டிப்ளமா,
முடிவுறு கணிதம் ஒரு தாள் பாக்கி.
தேறினால் லேபில் சூப்பர்வைசர்.
தேறாவிட்டால் இதே ஸ்கூட்டி, இதே ஐஸ் பெட்டி.

காலை ஐந்தே முக்காலிலிருந்து ஏழு வீடு.
மேத்தா நகர், கில் நகர், டிரஸ்ட்புரம்,
ஜக்கரியா காலனியில் இரண்டு,
ரங்கராஜபுரம், அமைந்தகரை.
எத்தனை விதமாகச் சுற்றலாம்?
ஏழு போட்டுப் பக்கத்தில் ஓர் ஆச்சரியக்குறி.
ஐயாயிரத்து நாற்பது.
கணக்குக்கும் வாய் பிளக்கத் தெரியும் என்று
பள்ளிக்கூடத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.
அப்புறம் ஒவ்வொன்றாக அடித்தேன்:
வெறும் வயிற்றுக்காரர்கள் முதலில்,
சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி அதே கை,
ஆற்காட்டு சாலையில் மெட்ரோ பள்ளம்,
ரங்கராஜபுரத்தில் அந்த நாய்.
மிஞ்சியது
தினமும் நான் போகிற அதே வழி.

ஜக்கரியா காலனி, இரண்டாம் மாடி, ஹமீதா.
பிளவுஸ் தைக்கிறவர்.
நாளெல்லாம் ஊசியோடு இருந்தும்
என் ஊசிக்கு மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.
அன்றைக்குத் திருப்பவில்லை.
"பாசிட்டிவ்னு போட்டிருக்காங்களேம்மா. மறுபடி எதுக்கு?"
ரிப்போர்ட் பற்றி வாய் திறக்கக்கூடாது:
கழுத்தில் தொங்கும் அட்டையின் பின்பக்கம், நான்காம் விதி.
நரம்பைத் தட்டினேன்.
முந்தின ராத்திரிதான் குடத்துக்குத் தண்ணீர் பிடித்தபடி கேட்டிருந்தேன்,
நிபந்தனை நிகழ்தகவு.
ஆயிரம் பேர், அதில் பத்துப் பேருக்கு நோய்.
சோதனை ஒன்பது பேரைப் பிடிக்கும், ஒருவரை விடும்.
நோயில்லாத தொள்ளாயிரத்துத் தொண்ணூறில்
தொண்ணூற்றொன்பது பேரையும் சேர்த்து வளைக்கும்.
வலையில் நூற்றெட்டு. நிஜம் ஒன்பது.
புத்தகத்து எண்கள்.
இவருடைய எண்கள் எனக்குத் தெரியாது.
இருந்தும் வாய் தவறி வந்துவிட்டது:
"பன்னண்டுல ஒண்ணு."
"என்ன ஒண்ணு?"
"ஒண்ணுமில்லக்கா. பஞ்சை அழுத்திப் பிடிங்க."

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதுக்குப் பரீட்சை.
சர்க்கரை டப்பாவில் சாய்த்த போன் கேட்டது:
அறையைச் சுற்றிக் காட்டவும்.
காட்டினேன். சிலிண்டர், துணிக்கொடி, பல்லி,
கட்டிலில் பனியனோடு தேவநேசன்.
வேறு நபர் இருக்கக்கூடாது.
எழுந்தார். கொசுவத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு
இரண்டு மணி நேரம் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்.
சூளைமேட்டில் மழை. பாதியில் கரண்ட் போனது.
போனின் வெளிச்சத்தில் பதினான்காம் கேள்வி:
ஒரு சோதனை, ஒரு நோய், ஆயிரம் பேர்.
எண்களை மாற்றியிருந்தார்கள்.
கை மாற்றவில்லை;
பன்னிரண்டில் ஒன்று என்று அழுத்தியது.
தப்பு.

அறுபத்தொன்று. தேறிவிட்டேன்.
தேவநேசன் மூன்று கொத்து பரோட்டா வாங்கி வந்தார்,
இருவருக்கு மூன்று எப்படி என்று நான் கேட்கவில்லை.

திங்கட்கிழமைப் பட்டியலில் ஹமீதா இல்லை.
வேறு லேபோ, ஆஸ்பத்திரியோ,
ஒன்றுமில்லை என்று விட்டுவிட்டார்களோ.
பெயர் இல்லாததற்குக் காரணம் போடும் கட்டம்
பட்டியலில் கிடையாது.
ஆறு வீடு. எழுநூற்று இருபது வழி.
அதே வழியில்தான் போனேன்.
ஜக்கரியா காலனி திருப்பத்தில் பள்ளம் ஏறி இறங்க,
ஐஸ் பெட்டியின் ஏழாவது துளையில்
தண்ணீர் தளும்பிற்று.